டிக் டிக் ஹார்ட் டிஸ்க்கும் முக்கால் பின்னப் பாட்டுகளும்

என் பாட்டுத் தொகுப்பு முழுக்க ஒரு 1 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. சினிமாப் பாட்டு, கச்சேரிப் பதிவுகள், சிடியிலிருந்து நானே தரம் குறையாமல் உருவிய ஃப்ளாக் கோப்புகள், எங்கிருந்து வந்தன என்றே நினைவில்லாத பழைய எம்பி3-கள் என்று எல்லாம் கலந்த குவியல். பழைய நகல் ஒன்று வேறொரு டிஸ்க்கில் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு சேர்ந்தது ஏராளம். வேலை பார்க்கும்போது இதிலிருந்துதான் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளாகவே பாட்டு நடுவில் திக்கியது, பிளேயர் உறைந்தது, சில விநாடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்ந்தது. ஒரு காணொளி மீட்டிங்கில் கூட வேலை பார்க்கும் தம்பி, "அண்ணா, உங்க பக்கம் ஏதோ டிக் டிக்னு சத்தம் வருதே, கடிகாரமா?" என்று கேட்டார். என் மேசையில் கடிகாரமே கிடையாது.

அந்த டிஸ்க்கிலிருந்து பாட்டுகளை வெளியே எடுத்ததும், எடுத்த பிறகு பாதிப் பாட்டுகளின் பெயர் கிறுக்கலாக நின்றதைச் சரிசெய்ததும்தான் இந்தப் பதிவு. இரண்டுமே இழுக்கிற வேலை. பகல் முழுக்க வேறொரு வேலை பார்த்துவிட்டு, மாலையில் "ஒரு அஞ்சே நிமிஷம்" என்று வரும் அழைப்புக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு உட்காருகிறவனால் ஒரே மூச்சில் முடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன்: நடுவில் அப்படியே போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடருமா? தொடராது என்றால் அது எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் எனக்கு உதவாது.

முதலில் கேபிள். டிக் டிக் என்றதுமே டிஸ்க் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். 2.5 அங்குல வெளி டிஸ்க்குகளுக்குத் தனியாக மின்சாரம் கிடையாது, யூஎஸ்பி போர்ட் கொடுப்பதுதான் எல்லாம். முறைப்படி யூஎஸ்பி 2 தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் மோட்டார் இழுப்பது மற்ற நேரத்தைவிட அதிகம். கேபிள் நீளமாகவோ மெலிதாகவோ இருந்தால், அல்லது நடுவில் ஒரு ஹப் இருந்து அதில் இன்னும் நாலு சாமான் தொங்கினால், அழுத்தம் இறங்கி டிஸ்க் சுழலப் பார்த்து, முடியாமல் விட்டு, மறுபடி முயலும். அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். போதாததற்கு யூஎஸ்பி 3 டிஸ்க்குகளில் வரும் அந்த அகலமான மைக்ரோ-பி முனை நாள்பட்டால் ஆடத் தொடங்கிவிடும். ஹப்பைத் தூக்கிவிட்டு, குட்டையான வேறு கேபிளைப் போட்டு, நேரே மடிக்கணினியில் செருகினேன். சத்தம் குறைந்தது. நிற்கவில்லை.

அடுத்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் கணக்கு. லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற நிரல் அதைப் படித்துக் காட்டும். வெளி டிஸ்க்கில் நடுவே யூஎஸ்பியை சாட்டாவாக மாற்றும் சில்லு இருப்பதால் சிலவற்றுக்கு "டி சாட்" என்ற தேர்வைச் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். பட்டியல் நீளமாக இருக்கும், நாலு எண்ணைப் பார்த்தால் போதும். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல் இன்னும் முடிவாகாமல் நிற்பவை. 198, டிஸ்க் சும்மா இருக்கும்போது சோதித்ததில் தேறாதவை. 199 மட்டும் வேறு சாதி, அது டிஸ்க்குக்கும் சில்லுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் நடந்த பிழை, பெரும்பாலும் இணைப்புக் கோளாறு. என் டிஸ்க்கில் 199 சுத்தமாக 0, 197 ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்த எண் மாலையில் இல்லை. அதாவது கோளாறு இணைப்பில் இல்லை, தட்டின் பரப்பே தேய்கிறது.

இந்த இடத்தில் செய்யக்கூடாத காரியங்கள்தான் செய்ய வேண்டியதைவிட அதிகம். டிஸ்க்கைச் செருகியதும் "இதில் சிக்கல் இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யவா?" என்று இயங்குதளம் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்டிஸ்க் போன்ற நிரல்கள் கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவதற்கானவை, பரப்பு தேயும் டிஸ்க்குக்கு அவற்றை ஓட்டினால் அதே டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்துவிடும். "ஃபார்மேட் செய்ய வேண்டுமா" என்ற கேள்வி வந்தால் கேட்காததுபோல் இருந்துவிடலாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று யாராவது சொல்வார்கள், வெளியே எடுத்ததும் ஈரம் படியும், அவ்வளவுதான் நடக்கும். மூடியைத் திறந்து பார்ப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். படிக்கும் முனை தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கில்தான் மிதக்கிறது, ஒரு தூசு போதும். கோப்புகளை இழுத்து வேறு டிஸ்க்கில் போடுவதும் இப்போது நல்லதில்லை. ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டால் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும், பிறகு பிழை என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும், எது வந்தது எது வரவில்லை என்று உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான்.

ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் இதற்கென்றே பிறந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதி முடித்துவிட்டு மற்றதற்குத் திரும்பும் பிள்ளை மாதிரி அது வேலை செய்யும். கெட்ட இடத்தில் மாட்டியதும் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். அப்புறம்தான் விட்டுவந்த இடங்களுக்குத் திரும்பி, இரு ஓரங்களிலிருந்தும் நறுக்கி, கடைசியில் செக்டர் செக்டராகச் சுரண்டும். அதனால் பாதியில் டிஸ்க் செத்தாலும் எடுத்தவரை பெரும்பகுதி கையில் இருக்கும்.

எனக்கு அதில் பிடித்தது மேப் கோப்பு. எந்த இடம் முடிந்தது, எது பாக்கி என்பதையெல்லாம் டிடிரெஸ்க்யூ ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். திறந்து கண்ணாலேயே படிக்கலாம். கூட்டல் குறி என்றால் மீட்டாயிற்று, கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவே இல்லை, நட்சத்திரம் என்றால் நறுக்க வேண்டும், சாய்கோடு என்றால் சுரண்ட வேண்டும், கழித்தல் குறி என்றால் கெட்ட செக்டர். கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே கட்டளையை அப்படியே மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். எனக்குத் தேவையானது இதுதான்.

செய்த விதம் இது. அலுவலக மடிக்கணினியை இதில் இழுக்கவில்லை. ஓரமாகக் கிடந்த பழைய மடிக்கணினியை பென் டிரைவிலிருந்து லினக்ஸில் எழுப்பி, 2 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கிச் செருகினேன். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்க்குகளின் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து, எது மூலம், எது சேருமிடம் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டேன். இரண்டும் மாறிப்போனால் காலி டிஸ்க்கைக் கொண்டுவந்து பாட்டு டிஸ்க்கின் தலையில் கவிழ்த்துவிடும், பிறகு அழுது பயனில்லை. முதல் சுற்றுக்குச் சுரண்டல் வேண்டாம் என்ற தேர்வு, அதாவது சிறிய என், கூடவே இடைச்சேமிப்பைத் தாண்டி நேரே படிக்கச் சொல்லும் சிறிய டி. மூலம் அந்த டிஸ்க், சேருமிடம் ஒரு பிம்பக் கோப்பு, அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக்கிய நகல், மூன்றாவதாக மேப் கோப்பு. மேப் கோப்பை பென் டிரைவிலிருந்து எழுந்த லினக்ஸின் தற்காலிக நினைவில் வைக்காமல் புதிய டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கணினியை அணைத்ததும் அதுவும் போய்விடும்.

நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் கொடுத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவுதான். யூஎஸ்பி 2 போர்ட்டில் 35 கிடைத்தாலே பெரிது, எட்டு மணி நேரம் ஆகிவிடும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. சில இடங்களில் ஓடும், சில இடங்களில் விநாடிக்குச் சில கிலோபைட் என்று நகரும். இரவு தொடங்கிவிட்டுத் தூங்கி, காலையில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, மாலை வேலை முடிந்தால் மறுபடி தொடங்கினேன். வேலை முடியாத நாளில் தொடங்கவில்லை. ஒரு வெளியீட்டு வாரத்தில் அந்தப் பக்கமே போகவில்லை, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன விசிறியை வைத்தேன், அது டிஸ்க்கைக் குளிர்வித்ததோ இல்லையோ, டிக் டிக் சத்தத்தை அமுக்கித் தூங்கவிட்டது.

முதல் சுற்றிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. பிறகு என்-ஐ எடுத்துவிட்டு, மூன்று முறை மறுமுயற்சி என்று ஒரு சுற்று, அடுத்து பெரிய ஆர் போட்டுத் தலைகீழாக, கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி ஒரு சுற்று. தலைகீழாகப் படிப்பதால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன், ஆனால் கெட்ட பகுதியின் மறு ஓரத்திலிருந்து வரும்போது இன்னும் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்தது. கடைசியில் மிஞ்சியது சில மெகாபைட். இதற்குமேல் சுரண்டச் சுரண்டப் புதிதாக எதுவும் வராமல் 197 மட்டும் ஏறியது, நிறுத்திக்கொண்டேன்.

பிம்பக் கோப்பைப் படிக்க மட்டும் என்ற முறையில் ஏற்றி, உள்ளே அடைவுகளைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. இருப்பதாகத் தெரிந்தது என்று சொல்வதே சரி, ஏனென்றால் எந்தப் பாட்டுக்குள் ஓட்டை என்று கோப்பின் பெயரைப் பார்த்தால் தெரியாது. ஃப்ளாக் கோப்புகளில் இது சுலபம்: ஃப்ரேம் என்ற ஒவ்வொரு சின்ன ஒலித்துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை உண்டு, முழு ஒலிக்கும் எம்டி5 கையொப்பம் தலைப்பிலேயே இருக்கும், டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தான சிறிய டி தேர்வோடு ஃப்ளாக் நிரலை ஓட்டினால் நல்லது கெட்டதைப் பிரித்துக் கொடுத்துவிடும். எம்பி3-க்கு அப்படி முழுக் கோப்புக்கான கையொப்பம் இல்லை.

அதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிரப்பும் முறை என்று ஒன்று. மேப் கோப்பில் கழித்தல் குறி போட்ட இடங்களில் எல்லாம் நாம் கொடுக்கும் ஒரு சொற்றொடரை, "கெட்ட செக்டர்" என்பதுபோல் ஆங்கிலத்தில் ஏதாவது, திரும்பத் திரும்ப எழுதி நிரப்பிவிடும். பிறகு பிம்பத்தை ஏற்றி, கிரெப் கட்டளையால் அந்தச் சொற்றொடர் எந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று தேடினால் காயம்பட்ட பாட்டுகளின் பட்டியல் கிடைத்துவிடும். படித்தபோது இவ்வளவு எளிமையா என்று சந்தேகமாக இருந்தது, செய்து பார்த்தால் அவ்வளவு எளிமைதான். இடம் இருந்தால் பிம்பத்தின் இன்னொரு நகலில் இதைச் செய்வது நிம்மதி.

காயம் எவ்வளவு பெரிது என்று கேட்டுப் பார்த்தேன். 128 கேபிபிஎஸ் எம்பி3 விநாடிக்கு 16,000 பைட் எடுக்கும். இப்போதைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 4,096 பைட். ஆக ஒரு செக்டர் போனால் கால் விநாடிப் பாட்டு போகும். 320-ல் உருவியிருந்தால் பத்தில் ஒரு பங்கு விநாடிதான். பின்னணியில் வயலின் கூட்டம் முழங்கும் சினிமாப் பாட்டில் கால் விநாடி ஒரு சின்ன விக்கல், தெரியாதவர்களுக்குத் தெரியாது. ஒரு நாதஸ்வர ஆலாபனையில் நீண்ட கார்வையின் நடுவே அது விழுந்திருந்தது, மூச்சு தட்டியதுபோல் கேட்டது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது தனி ஆவர்த்தனம், கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி. சில பிளேயர்கள் கெட்ட ஃப்ரேம்களை மௌனமாக ஓட்டாமல் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். அந்தக் கால் விநாடி காலத்திலிருந்தே காணாமல் போய், மிருதங்கம் ஒரு இடத்தில் இருக்க, தாளம் போடும் கை இன்னொரு இடத்தில் நிற்கும். கை முன்னால் போய்விட்டதா, வாசித்தவர் முன்னால் போய்விட்டாரா என்று குழம்பி, இரண்டு ஆவர்த்தனம் கழித்துத்தான் சமத்துக்கு வர முடிந்தது. காயம்பட்டவற்றில் பலவும் பழைய நகலில் முழுதாக இருந்தன, அங்கிருந்து எடுத்துப் போட்டேன். அந்தத் தனி ஆவர்த்தனம் மட்டும் அதில் இல்லை.

இங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. புதிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு நல்ல பிளேயரைப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றியபோது, பாடகர் பட்டியலில் பாதி கிறுக்கல். பழைய பிளேயரில் நான் அடைவு வாரியாகத்தான் கேட்பேன், அதனால் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

எம்பி3-யில் பாட்டின் பெயர், பாடியவர் போன்றவை ஐடி3 என்ற டேக்கில் இருக்கும். பழைய ஐடி3 முதல் பதிப்பு கோப்பின் வாலில் ஒட்டியிருக்கும் 128 பைட், அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட். இரண்டாம் பதிப்பு கோப்பின் தலையில் இருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், என்ன குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு, என்பதையும் சொல்லலாம். சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். யுனிகோட் எல்லா இடத்துக்கும் வருவதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலோ, அவரவர் எழுத்துருவின் குறியாக்கத்திலோ எழுதினார்கள். டேக் எழுதும் நிரல் அதை லத்தீன்-1, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம், என்று முத்திரை குத்தி உள்ளே தள்ளியது. அதே எழுத்துருவில் பார்த்தவரை தமிழ், மாறியதும் கிறுக்கல்.

கிறுக்கலிலும் ரகம் உண்டு. திஸ்கியில் எழுதிய "தமிழ்" என்ற சொல் லத்தீனில் இப்படித் தெரியும்: முக்கால் என்ற பின்னம், மேலே கொம்பு வைத்த பெரிய ஏ, ஒரு சென்ட் குறி, கொம்பு வைத்த சின்ன யு. முக்கால் பின்னம்தான் த. பாட்டுப் பட்டியலில் முக்கால் முக்காலாக ஓடினால் திஸ்கி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தால் கிறுக்கலாகவே தெரியாது, ஆங்கிலச் சின்ன எழுத்துகளாகத் தெரியும்: அதே "தமிழ்" ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. சொல்லுக்கு நடுவே அரைப்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பாமினி. மூன்றாவது ரகம், ஒழுங்கான யுடிஎஃப்-8 தமிழை, அதாவது யுனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையில் இருந்ததை, யாரோ லத்தீன் என்று முத்திரை குத்தியது. தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-ல் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், அதனால் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறியும் கொம்பு ஏ-வும் மாறி மாறி வரும்.

ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவது நடக்காத காரியம். பைத்தானில் மியூட்டஜன் நூலகத்தை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், அலுவலக வேலையில் பில்ட் ஓடி முடியக் காத்திருக்கும் இடைவெளிகளில்தான், பழைய மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தர்க்கம் இதுதான்: டேக்கில் உள்ள எழுத்துகளைத் திரும்ப பைட்டாக்கு; அந்த பைட்டுகள் யுடிஎஃப்-8-ஆகச் செல்லுமா என்று முதலில் பார்; சென்றால் அதுதான், ஏனென்றால் திஸ்கி பைட்டுகள் தற்செயலாகச் சரியான யுடிஎஃப்-8-ஆக அமைவது மிக அரிது. செல்லாவிட்டால் திஸ்கியாகக் கொண்டு மாற்று. பைத்தானில் திஸ்கி உள்ளமைவாகக் கிடையாது, ஆனால் லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும், ஓபன்-தமிழ் நூலகத்திலும் மாற்றி இருக்கிறது. வெறும் அட்டவணையை வைத்து எழுத்துக்கு எழுத்து மாற்றினால் வராது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பது. "இசை" என்ற சொல்லில் ஐகாரக் குறி ச-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், யுனிகோடில் அது பின்னால் போக வேண்டும். கொ, கோ என்றால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று.

ஸ்கிரிப்ட் எதையும் உடனே மாற்றாது. பழைய பெயர், புதிய பெயர், எந்த வழியில் மாற்றியது என்று ஒரு பட்டியல் போடும். அதை நான் சாவகாசமாகப் படித்து, சரி என்றவற்றுக்கு மட்டும் குறி போட்டால், அடுத்த ஓட்டத்தில் அவற்றை எழுதிவிட்டு முடிந்தது என்று பதியும். இதுவும் ஒரு மேப் கோப்புதான்.

பட்டியலைப் படித்தபோதுதான் ஒரு வினோதம் தெரிந்தது. எல்லாம் நன்றாக வந்து, ஜ, ஸ, ஹ வரும் பெயர்கள் மட்டும் உடைந்தன. ராஜா என்று வர வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நின்றது. கிரந்த எழுத்துகள் திஸ்கியில் லத்தீன்-1 எதுவுமே வைக்காத இடத்தில் இருக்கின்றன. விண்டோஸின் 1252 குறியாக்கமோ அதே இடத்தில் வேறு குறிகளை வைத்திருக்கிறது: ஜ இருக்க வேண்டிய இடத்தில் வால் நீண்ட எஃப், ஸ-வுக்கு மூன்று புள்ளி, ஹ-வுக்குக் கத்திக்குறி. இடையில் ஏதோ ஒரு பிளேயர் அந்த டேக்கைத் திறந்து 1252-ஆகப் படித்து யுனிகோடில் சேமித்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றை லத்தீன்-1 வழியாகப் பின்னோக்கிக் கொண்டுபோக முடியாது, 1252 வழியாகப் போக வேண்டும். சரி, அதையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாம் என்றால் மூன்றாவது ரகம் குறுக்கே நின்றது. 1252-ல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது. அதில் ஒன்று புள்ளிக்கு வேண்டும், ஒன்று உகரக் குறிக்கு, இன்னும் இரண்டு ஏ-வுக்கும் ஐ-க்கும். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எந்த வரியை எழுத முடியும்? கடைசியில் ஒவ்வொரு எழுத்துக்கும் முதலில் 1252, அது கைவிரித்தால் லத்தீன்-1 என்று கலந்து போட்டேன். அதன் பிறகு ஓடியது. எந்த நிரலோ அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிட்டிருந்த சில பாட்டுகள் மட்டும் கையால்.

பாமினியை ஸ்கிரிப்டிடம் விடவில்லை. அது சுத்தமான ஆங்கில எழுத்துகள், ஆங்கிலத்திலேயே பெயர் எழுதிய பாட்டுகளையும் தமிழாக்குகிறேன் என்று கிளம்பிவிடும். அரைப்புள்ளி இருப்பவற்றை வடிகட்டி, கண்ணால் பார்த்து, பிறகு மாற்றினேன்.

முடித்துவிட்டேன் என்று நினைத்து அக்காவுக்கு ஒரு பகுதியை அனுப்பினேன். ராத்திரி போன்.

"டேய், நான் கேட்டது இதுல இல்லையே."

"இருக்கு அக்கா, தேடிப் பாரு."

"தேடிட்டுதான் சொல்றேன்."

இருந்தது. தேடினால் வரவில்லை. ஒகர உயிர்மெய்யை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாக. பார்க்க இரண்டும் ஒன்றே, தேடல் இரண்டையும் வேறு வேறாக எடுத்துக்கொள்ளலாம். டேக்கில் இருந்தது இரண்டாக, அக்காவின் விசைப்பலகை தட்டியது ஒன்றாக. எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டினால் இது ஒழிந்துவிடும். ஔகாரத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பலர் கொம்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் ள எழுத்தையே தட்டியிருப்பார்கள், என்எஃப்சி அதைத் தொடாது, நாமாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எழுதும்போது ஐடி3 2.3 பதிப்பையும் யுடிஎஃப்-16-ஐயும் வைத்துக்கொண்டேன். 2.4-ல் யுடிஎஃப்-8 உண்டு, அழகாகவும் இருக்கும், ஆனால் பழைய பிளேயர்கள் 2.3-ஐத்தான் தடுமாறாமல் படிக்கின்றன. வாலில் இருந்த முதல் பதிப்பு டேக்கை எடுத்தே விட்டேன். திஸ்கிக்கு 30 பைட் தாராளம், அதே இடத்தில் யுடிஎஃப்-8 தமிழ் பத்துக் குறிதான் கொள்ளும், ஒரு சொல்லுக்கே முட்டும்.

எந்தப் பெயரை டேக்கின் எந்தப் புலத்தில், அதாவது எந்தக் கட்டத்தில், போடுவது என்பது தனித் தலைவலி. டேக் முறை மேற்கத்திய ஆல்பத்தை மனத்தில் வைத்துச் செய்தது. நாம் சினிமாப் பாட்டை இசையமைப்பாளர் பெயரில்தான் நினைக்கிறோம், பிளேயரோ கலைஞர் என்றால் பாடியவர் என்கிறது. இசையமைப்பாளருக்கென்று தனிப் புலம் இருக்கிறது, பாடலாசிரியருக்கும் இருக்கிறது, ஆனால் பல பிளேயர்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. என் ஏற்பாடு: பாடியவர்கள் கலைஞர் புலத்தில், படத்தின் பெயர் ஆல்பத்தில், இசையமைப்பாளர் அவருக்குரிய புலத்திலும் கூடவே ஆல்பக் கலைஞர் புலத்திலும். ஆல்பக் கலைஞரை வைத்துத்தான் பெரும்பாலான பிளேயர்கள் அடுக்குகின்றன, அதனால் பட்டியல் நம் மனத்தில் இருக்கிற வரிசைக்கு வந்துவிடுகிறது. ஒரே படத்தில் ஆறு பேர் பாடியிருந்தாலும் ஆறு ஆல்பமாகச் சிதறாது. கச்சேரிக்கு ஆல்பக் கலைஞர் என்றால் பிரதானக் கலைஞர், இயற்றியவர் அவருக்குரிய புலத்தில், ராகத்தைக் குழுப் புலத்தில் போட்டேன். ராகத்தை வகைப் புலத்தில் போடலாம் என்றால் வகைப் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டு தொலைக்கும்.

அகர வரிசை மட்டும் இன்னும் உறுத்துகிறது. பல பிளேயர்கள் யுனிகோட் எண் வரிசையில் அடுக்குகின்றன. அதில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்து, ற-வின் இடம் ர-வுக்கு அடுத்து. ன, ற, ழ, ள-வில் சொல் தொடங்குவதில்லை என்பதால் முதல் எழுத்தில் குழப்பம் தெரியாது, உள்ளே போனால் மனம் மயிலுக்கு முன்னால் நிற்கும், கணம் வந்த பிறகு கண் வரும். வரிசைக்கென்று தனிப் புலங்கள் உண்டு, அதில் எண் போட்டு ஏமாற்றலாம். நான் போடவில்லை.

இப்போது இரண்டு டிஸ்க்குகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆர்சிங்க், பாதியில் நிறுத்தினாலும் மறுமுறை மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பெயரே இல்லாத கச்சேரிப் பதிவுகள் ஒரு அடைவு நிறையக் கிடக்கின்றன, வேலை நடுவே ஒன்று ஒன்றாகக் கேட்டுப் பெயர் போட்டு வருகிறேன். ராகம் பிடிபடாதவற்றில் அந்தப் புலத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன், காலியானவற்றைத் தேடி எடுக்க ஒரு வடிகட்டி போதும், தப்பாக எழுதியதைத் தேட வழியில்லை. தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் தலைப்பில் "பத்தாவது நிமிடத்தில் கால் விநாடி இல்லை" என்று சேர்த்துவிட்டேன், தாளம் போட்டுக் கேட்கிறவர்கள் தயாராக இருக்கட்டும்.